கோரிக்கு ஒரு மழை காட்ட வேண்டும்

மீன் கடைகளில் ‘டேங்க் க்ளீனர்’ என்று சொல்லி ஒரு சின்னக் கெளுத்தியை விற்பார்கள். கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி. அது எதையும் சுத்தம் செய்வதில்லை. பாசி தின்னாது, மற்ற மீன்களின் கழிவைத் தொடாது. அடியில் விழும் தீனியைப் பொறுக்கித் தின்னும், அவ்வளவுதான். மிதக்கும் தீனியை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால், மெலிந்தே செத்துப்போகும். மூழ்கும் பெல்லட் தனியாகப் போட வேண்டும்.

தென்னமெரிக்க ஆறுகளின் மீன் இது. நம் ஊர் வெயிலுக்கு வெண்கல நிறக் கோரியே தோது. ஆறேழு சென்டிமீட்டர்தான் வளரும். கடையில் கிடைக்கும் சிவப்புக் கண் அல்பினோவும் பெரும்பாலும் இதே இனம். புள்ளி போட்ட பெப்பர் கோரி, பீகிள் பயணத்தில் டார்வின் சேகரித்த மீன்களில் ஒன்று என்ற பெருமை உடையது. ஆனால் குளிர்ந்த நீர் கேட்கும். மே மாதத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். அப்போது நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேனை ஓடவிடுங்கள், சூடு இறங்கும்.

கோரி கூட்டமாக வாழ்வது; குறைந்தது ஆறு வாங்குங்கள். அடியில் கூரான ஜல்லி வேண்டாம், அலசிய நைஸ் மணல் போதும். மணலைக் கிளறித் தேடுவதற்கே அதற்கு மீசை. ஜல்லியும் அழுக்கும் அந்த மீசையைத் தேய்த்து அழித்துவிடும். அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். பயப்பட வேண்டாம், குடல் வழியாகவும் மூச்சு வாங்கும் மீன் அது. எல்லாமே ஓயாமல் மேலே வந்தால்தான் நீரைச் சந்தேகிக்க வேண்டும்.

மேலிருந்து பார்க்கும்போது அகலமாகத் தெரிவது பெண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருந்தால் நல்லது. சொந்த ஊரில் மழைக்காலத்தில்தான் முட்டையிடும் என்பதால் தொட்டியிலும் மழையைக் காட்ட வேண்டும். ஒரு வாரம் பிளட்வார்ம் கொடுத்துக் கொழுக்கவிட்டு, பிறகு தொட்டியில் இருப்பதைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த, குளோரின் நீக்கிய நீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். இதைக் கார்த்திகை மழை நாளில் செய்தால் இன்னும் எளிதாக நடக்கும் என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம்.

அடுத்து நடப்பது விசித்திரம். பெண் தன் வாயை ஆணின் வயிற்றில் அழுத்தி விந்தைக் குடிக்கிறது. அது சில நொடிகளில் குடல் வழியாக வெளியேறி, பெண் தன் அடித்துடுப்புகளைக் குவித்துப் பிடித்திருக்கும் முட்டைகளின் மேல் சேர்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் பெண் மீனின் வாயில் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்து, 1995இல் இதை எழுதினார்கள். பிறகு பெண் இலையிலோ கண்ணாடியிலோ முட்டைகளை ஒட்டும். திரும்பவும் ஆணிடம் போகும். இப்படியே ஒரு ஈட்டில் நூறைக்கூடத் தாண்டும்.

ஈன்றவையே முட்டையைத் தின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் முட்டை இறுகியதும் விரலால் உருட்டி எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய டப்பாவில் ஏர்ஸ்டோனோடு வையுங்கள். பூஞ்சைக்கு ஒரு துளி மெத்திலீன் புளூ, அல்லது காய்ந்த பாதாம் மரத்து இலை. வெள்ளையாகிப்போன முட்டையை உடனே எடுத்துவிட வேண்டும்.

மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். முதல் இரண்டு நாள் மஞ்சள்கருவே ஆகாரம். பிறகு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா. குஞ்சுகள் அதிகம் சாவது பசியால் அல்ல, அடியில் அழுகும் மிச்சத் தீனியால்தான். அதனால் டப்பாவில் மணலே வேண்டாம்; ஏர் டியூபால் தினமும் அடியை உறிஞ்சி எடுங்கள்.

இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். அத்தனைக்கும் இடம் இருக்காது; வாங்கிக்கொள்ளும் கடையிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஏரி, குளத்தில் மட்டும் விடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது போதும்.