வலிக்கும் முன்பே தெரிந்துகொள்ள

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. எச்பிவி என்ற கிருமி உடம்பில் தங்கிவிட்டால், உயிரணுக்கள் கெட்டுப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் வலி இருக்காது. மலேசியாவின் லூமுட்டிலோ ஆயர் தாவாரிலோ காலையில் எழுந்து வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு, ‘எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தோன்றும். கெடத் தொடங்கிய உயிரணுக்களை வலி வரும் முன்பே காட்டும் பாப் ஸ்மியர் சோதனையின் அருமை அங்கேதான் இருக்கிறது.

சில நிமிட வேலை. சிறிய பிரஷ்ஷால் கருப்பை வாயை மெல்லத் துடைத்து, ஒட்டிவரும் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். உடனே ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். காற்றில் காய்ந்தால் உயிரணு உருக்குலைந்துவிடும். அப்புறம் எந்த நிபுணர் பார்த்தும் பயனில்லை.

ஆய்வகத்தில் சாயம் ஏற்றியதும் உட்கரு கருநீலமாகத் தெரியும். நல்ல உயிரணு, வாணலியில் உடைத்து ஊற்றிய முட்டையைப் போல அகலமாகப் பரந்து, நடுவில் சின்ன உட்கருவோடு இருக்கும். கெடத் தொடங்கியதில் உட்கரு பெருத்து, கறுத்து, ஓரம் கோணலாகிவிடும். சிலவற்றில் உட்கருவைச் சுற்றி வெற்று வளையம் தெரியும். அது எச்பிவியின் தடம். பல்லாயிரம் உயிரணுக்களுக்கு நடுவே இப்படிப்பட்டவை ஒரு சிலவே இருக்கலாம். ஆய்வாளர் தகட்டை வரிவரியாக நகர்த்தித் தேடி, ஐயம் வந்த இடத்தில் புள்ளி வைத்து நோயியல் நிபுணரிடம் தருவார். எத்தனையோ உயிர்களைக் காப்பது இந்தப் பொறுமைதான்.

இந்தச் சோதனை முறையைக் கண்டறிந்தவர் கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ். 1928இல் அவர் சொன்னதை மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. 1941இல் ஹெர்பர்ட் டிராட்டுடன் எழுதிய கட்டுரைக்குப் பிறகே நம்பினார்கள். ஆண்டுக்கணக்கில் தன் மாதிரியைக் கொடுத்து உதவிய மனைவி ஆந்த்ரோமாக்கியையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடத் தொடங்கியது 2010இல். அதற்கு முன்பே பள்ளியை முடித்த அம்மாமார்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. சோதனைக்குப் போகவோ பலருக்கும் கூச்சம். அதைப் புரிந்துகொண்டு 2018இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து தொடங்கியதுதான் ரோஸ் திட்டம். இதில் பெண்ணே தனியாக மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். இது கிருமியைத் தேடும் சோதனை. கிருமி இருந்தால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அழைப்பார்கள்.

30 முதல் 65 வயதுக்குள் இருக்கும் அக்காமார்களே, மாதவிலக்கு இல்லாத ஒரு நாளில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்ச் சோதனை பற்றிக் கேளுங்கள். ரிசல்ட்டையும் மறக்காமல் விசாரியுங்கள். மாற்றம் தெரிகிறது என்று வந்தாலும் பயந்து ஒதுங்காதீர்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சிறிய சிகிச்சையே போதும்.