எந்தக் கலாசாலை?

ரஸாயன இஞ்சினீயரிங் பட்டம் பெற்று, கேட் பரீட்சையிலும் தேறிய நம் வாலிபர்கள், மேற்படிப்புக்கு எந்தக் கலாசாலையை நாடுவதென்று வருஷந்தோறும் திகைக்கின்றனர். பெரும்பாலோர் கலாசாலையின் கீர்த்தியையும், பின்னர் கிடைக்கக்கூடிய சம்பளத்தையுமே விசாரிக்கின்றனர். இவ்விசாரணை போதாதென்பது நமது அபிப்பிராயம்.

ஆலையின் செய்முறையை வகுப்பது சாமானிய வித்தையன்று. மூலப்பொருள் எவ்வழியாகச் சரக்காக மாறவேண்டும், எவ்வளவு உஷ்ணத்தில், எவ்வளவு அழுத்தத்தில், கழிவு எங்கே செல்லவேண்டும் என்பவற்றையெல்லாம், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே காகிதத்தில் தீர்மானிக்கும் வித்தை அது. அத்தீர்மானம் பிழைத்தால் ஜனங்களே பலியாவார்கள்.

1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகுமா? அவ்வாலை விற்றது பூச்சிமருந்து. அதை உண்டாக்கும் வழியில் இடையில் தோன்றும் பொருளே மீதைல் ஐஸோஸயனேட். அவ்விஷத்தைச் சுமார் 40 டன் அளவுக்கு ஒரே தொட்டியில் தேக்கி வைத்திருந்தனர். குளிரூட்டும் யந்திரத்தையும் நிறுத்தியிருந்தனர். வேண்டியபோது வேண்டிய அளவே உண்டாக்கி உடனே செலவிட வழி வகுத்திருக்கலாம்; அவ்விஷமே தோன்றாத வேறு மார்க்கமும் உண்டு. ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டபின் இதைச் சொல்லி என்ன பயன்?

ஆகவே, கலாசாலையை நாடும் வாலிபர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். ஒரு முழு ஆலையையும் மாணவரே வகுத்துக் காட்டவேண்டுமென்ற நியதி அங்குண்டா? ஆலைகளில் வேலை பார்த்துப் பழகிய ஆசிரியர் உளரா? அபாய நிவாரணமும் உஷ்ணச் சிக்கனமும் கட்டாய பாடங்களா? கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் கற்பித்து, வடிகலத்தையும் உஷ்ண மாற்றியையும் கண்ணில் காட்டாத இடம் எவ்வளவு பிரசித்தி பெற்றதாயினும் அதை நாம் சிபார்சு செய்யோம்.

சுதேசி இயக்கத்தின் பயனாக எழுந்த ஜாதவ்பூரில் 1921-ல் இக்கல்வி தொடங்கிற்று. பம்பாய்ச் சர்வகலாசாலை 1933-லும், அழகப்பச் செட்டியாரின் கொடையால் சென்னை 1944-லும் இத்துறையில் முன்வந்தன. ஆயினும், நமது பெரிய எண்ணெய்ச் சுத்தி ஆலைகள் பலவற்றின் செய்முறைக்கு இன்றும் அந்நியக் கம்பெனிகளுக்கு உரிமைப்பணம் கட்டி வருகிறோம். யந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அறிவையும் என்றென்றும் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கும் தேசம் சுயராஜ்யத்தின் முழுப்பயனை அடையாது.

வாலிபர்களே, சம்பளத்தைக் கேளுங்கள், தவறில்லை. அதற்குமுன், நாளை நீங்கள் வகுக்கும் ஆலையின் அருகே உங்கள் தாயாரைக் குடிவைக்கச் சம்மதிப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதிப்பேன் என்று துணிந்து சொல்லும் அறிவை எந்தக் கலாசாலை அளிக்குமோ, அதையே நாடுங்கள்.