கடைத்தெருவும் கதைமொழியும்: ஆ. மாதவன் புனைகதைகளை முன்வைத்து

1. முன்னுரை

புனைகதை ஆசிரியர் உரையாடலை எங்குக் கற்கிறார் என்னும் வினா மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. நூற்பயிற்சி ஒரு வழி. அன்றாடத் தொழில் தரும் செவிப்பயிற்சி மற்றொரு வழி. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் பல்லாண்டுகள் கடை நடத்திய ஆ. மாதவனைச் (1934–2021) சான்றாகக் கொண்டு, இவ்விரண்டாம் வழியின் இயல்பையும் அது மொழிபெயர்ப்பில் எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. களம்

பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாயிற்பகுதி கிழக்கேகோட்டை எனப்படுகிறது. அங்கிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கம்போளம், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசரால் அமைக்கப்பட்டது. தமிழ் வணிகர் பலர் இங்கு நிலைகொண்டனர். 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. அந்நகரத் தமிழர் மொழிச் சிறுபான்மையினராயினர். மாதவன் பள்ளியில் மலையாளம் வழியே பயின்றவர். எழுத்துத் தமிழைத் தம் முயற்சியால் கற்றுக்கொண்டவர்.

3. கடைப்பணி தரும் பயிற்சிகள்

மொழியியல் நோக்கில், இருமொழிச் சந்தையில் கடை நடத்துதல் மூன்று பயிற்சிகளை உள்ளடக்கியது.

முதலாவது, கேட்டல். வருபவர் 'அண்ணாச்சி' என்று அழைக்கிறாரா, 'சேட்டா' என்று அழைக்கிறாரா என்பதிலிருந்தே அவர் ஊரையும் மொழியையும் கடைக்காரர் உய்த்துணர்ந்து, அதற்கேற்ற மறுமொழியைத் தேர்கிறார்.

இரண்டாவது, நினைவிற்கொள்ளல். பற்றுவரவு வைத்துள்ளவர், சுமைதூக்குவோர், இரந்துண்போர் எனப் பலரும் ஆண்டுக்கணக்கில் அவர் கண்முன் நடமாடுகின்றனர். ஒருவரின் பேச்சு வறுமையிலும் வளத்திலும் எவ்வாறு மாறுகிறது என்பதை அவர் காண முடிகிறது. 'கடைத்தெருக் கதைகள்' தொகுதியின் மாந்தர் இத்தெருவினரே.

மூன்றாவது, மாற்றிச் சொல்லல். 'வெள்ளம்' மலையாளத்தில் குடிக்கும் நீர், தமிழில் பெருக்கு. 'சக்கை' மலையாளத்தில் பலா. தமிழில் பிழிந்தபின் எஞ்சுவது. 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு. தமிழ்ப் பேச்சுவழக்கில் மனைவி. ஒலியால் ஒன்றி, பொருளால் விலகும் இத்தகைய சொற்களை நாள்தோறும் கையாள்பவர், தம்மை அறியாமலே மொழிபெயர்ப்பில் பழகுகிறார். பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாளப் புதினத்தை 'இனி நான் உறங்கட்டும்' எனத் தமிழாக்கியவரும் மாதவனே என்பது இங்குக் கருதத்தக்கது.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்

தமிழ்க் கதையில் ஒரு பாத்திரம், 'கொஞ்சம் வெள்ளம் தா சேட்டா' என்று கேட்பதாகக் கொள்வோம். தமிழ் வாசகருக்கு 'வெள்ளம்', 'சேட்டா' என்னும் இரு சொற்களும் பேசுபவரின் நிலத்தையும் உறவையும் சுட்டும். இக்கதை மலையாளத்திற்குச் செல்லும்போது அவை இயல்பான சொற்களாகிவிடுகின்றன. சுட்டும் ஆற்றல் மறைகிறது. ஆங்கிலத்திலோ இரு மொழிகளும் ஒன்றாய்க் கரைந்துவிடும்.

இதனை ஈடுசெய்ய, மலையாள வடிவில் சில தமிழ்ச் சொற்களை அப்படியே இடலாம். ஆனால் அப்போது மூலத்தில் தம் ஊரில் இயல்பாக நின்று பேசியவர், பெயர்ப்பில் வேற்றூரார் போல் தோன்றக்கூடும். எனவே சொல்லுக்குச் சொல் ஈடு தேடுவதினும், யார், யாரிடம், எந்நிலையில் மொழியை மாற்றுகிறார் என்பதைப் பாத்திரம்தோறும் வகுத்துக்கொள்வதே முறையாகும். கோபத்தில் மட்டும் மலையாளம் பேசுபவரையும் பேரம் பேசும்போது மட்டும் பேசுபவரையும் ஒன்றாக்கிவிடலாகாது.

தமிழுக்குள்ளேயும் இச்சிக்கல் உண்டு. பதிப்பிப்போர் 'வெள்ளம்' என்பதைத் 'தண்ணீர்' எனத் திருத்தினால், வாசிப்பு எளிதாகும். ஒரு சமூகத்தின் பேச்சுக்குரிய சான்று அழியும். அதேவேளை, புனைகதை உரையாடல் கள ஆய்வுப் பதிவன்று. ஆசிரியர் தேர்ந்தெடுத்த வடிவம் என்பதையும் மொழியியலார் மறத்தல் கூடாது.

5. முடிவுரை

கேட்டல், நினைவிற்கொள்ளல், மாற்றிச் சொல்லல் ஆகிய மூன்றும் கடைக்காரருக்குப் பிழைப்பு, கதையாசிரியருக்குக் கருவி. மொழிபெயர்ப்பாளரும் அகராதியோடு நில்லாது, அத்தெருவில் நின்று கேட்பாராயின், எச்சொல்லைப் பெயர்ப்பது, எதனை விட்டுவைப்பது எனத் தெளிவு பெறுவார்.