ஆசிரியர் சங்கத்திற்கு அரசியல் எதற்கு? நிதி எதற்கு?

கல்லூரி ஆசிரியர்கள் உண்ணாவிரதம், ஆர்ப்பாட்டம் என்று செய்தி வரும்போதெல்லாம் நம் பங்குகளில் இரண்டு கேள்விகள் எழுவது வழக்கம். "நல்ல சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் போராட்டம் எதற்கு?" என்பது ஒன்று. "பாடம் நடத்த வேண்டியவர்களுக்கு அரசியலும் நிதி வசூலும் எதற்கு?" என்பது மற்றொன்று. ராயகிரி, சிவகிரி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கடன் வாங்கிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் இப்படிக் கேட்பது நியாயமே. வகுப்பு நடக்காத நாளின் இழப்பு முதலில் அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான். எனவே அவசரப்பட்டுத் தீர்ப்பிடாமல் இதைச் சற்று விளங்கிக்கொள்ள முயல்வோம்.

நம் பகுதிக் கல்லூரிகள் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளன. இது 1990-ஆம் ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து உருவானது. இவ்விரண்டோடு அன்னை தெரசா, அழகப்பா பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களையும் இணைத்து இயங்கும் சங்கம்தான் 'மூட்டா'.

ஆசிரியர் தம் குறையை யாரிடம் சொல்வது? ஆலைத் தொழிலாளிக்கு முதலாளி யார் என்று தெரியும்; தொழில் தகராறு என்று சட்டப்படி முறையிடவும் அவருக்கு வழி உண்டு. ஆனால் தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. அரசு உதவிபெறும் கல்லூரியில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். சம்பளத்திற்கு மானியம் தருவது மாநில அரசு. ஊதிய விகிதத்தை வகுப்பது டில்லியில் உள்ள பல்கலைக்கழக மானியக் குழு. அந்த ஊதியத்தை உயர்த்தும்போது ஏற்படும் கூடுதல் செலவில், 2006 முதல் 2010 மார்ச் வரை 80 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்க முன்வந்தது. அடுத்த ஊதிய மாற்றத்தில், 2016 முதல் 2019 மார்ச் வரை, அது 50 விழுக்காடாகக் குறைந்தது. மீதியைத் தருவதா, எப்போது தருவது என்பதைச் சென்னைக் கோட்டைதான் முடிவு செய்கிறது. முடிவு அங்கே எடுக்கப்படும்போது கல்லூரி முதல்வரின் அறைக் கதவை மட்டும் தட்டிப் பயன் என்ன?

முன்பு இதற்கு வேறொரு வழி இருந்தது. தமிழகத்தில் சட்ட மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர்கள் தங்களுக்கெனப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1986-இல் மேலவை கலைக்கப்பட்டதோடு அந்தக் குரலும் நின்றுபோனது. அமைச்சரைச் சந்திப்பதும், சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுப்பதும், கட்சிகளின் தேர்தல் அறிக்கையில் தம் கோரிக்கையைச் சேர்க்கச் சொல்வதும் அதன்பின் இன்னும் முக்கியமாகிவிட்டன.

இதனால் பயன் உண்டா? உண்டு. தனியார் கல்லூரி ஆசிரியரை உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றிப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். இப்பாதுகாப்பு சட்டமன்றத்தின் வழியாகத்தான் வந்தது. அண்மையில் 2025 அக்டோபரில், அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழிசெய்யும் மசோதா பேரவையில் நிறைவேறியது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகள் பலவும் எதிர்த்தன. அதே மாதத்தில், மசோதாவை மறு ஆய்வுக்காகத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. இது ஆசிரியரின் சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல. உதவிபெறும் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படிக்கும் ஏழைப் பிள்ளையின் பிரச்சினையும் அதில் அடங்கியிருந்தது.

அடுத்து, நிதி. சங்கத்திற்கு நன்கொடை தர முதலாளிகள் இல்லை. உறுப்பினர் சந்தாதான் அதன் வருமானம். உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடத்த வழக்கறிஞர் கட்டணம் வேண்டும். தெற்குக் கோடியிலிருந்து சென்னைக்குப் பலமுறை போய்வரச் செலவு உண்டு. துண்டறிக்கை அச்சிட வேண்டும். சம்பளம் நின்றுபோனவர் குடும்பத்திற்குக் கைகொடுக்க வேண்டும். 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நிதி நெருக்கடியால் 2024-இல் ஊழியர்களும் ஓய்வூதியரும் மாதக்கணக்கில் பணமின்றித் தவித்தார்கள். அத்தகைய நாள்களில், முன்பே சேர்த்து வைத்த சிறு தொகைதான் ஒரு வீட்டில் அடுப்பெரிய வைக்கும்.

ஆனால் அந்தப் பணத்திற்கு வரம்பு வேண்டும். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் இதில் ஒரு நல்ல நெறியை வகுத்தது. அரசியல் காரியங்களுக்கான நிதியைப் பொதுநிதியோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும். அதற்குப் பணம் தருமாறு எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தராதவரின் சலுகைகளைப் பறிக்கவும் கூடாது. சட்டங்கள் மாறினாலும், எந்தப் பெயரில் பதிவான சங்கத்திற்கும் இந்நெறி பொருந்தும்.

நம் திருச்சபையின் போதனையும் இதற்கு ஒத்துச் செல்கிறது. திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உழைப்போர் சங்கம் அமைப்பது அவர்களுடைய இயல்பான உரிமை என்று ஏற்றது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 'லபோரெம் எக்ஸர்சென்ஸ்' மடலில் இதை மேலும் விளக்கினார். சங்கம் பொதுநலனுக்காக அரசியல் தளத்தில் செயல்படலாம். ஆனால் அது ஆட்சிக்குப் போட்டியிடும் கட்சியன்று. எந்தக் கட்சிக்கும் அடங்கிப் போகவும் கூடாது. வேலைநிறுத்தம் முறையானதே, எனினும் அது கடைசி வழி என்பதே அவர் தரும் விளக்கம்.

இப்போதனை நமக்கும் ஒரு கண்ணாடி. திருச்சபையும் கல்லூரிகள் நடத்துகிறது. அங்கே நாம் நிர்வாகத்தின் பக்கம் இருக்கிறோம். சுயநிதிப் பிரிவில் குறைந்த ஊதியத்தில் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் நம் ஞாயிறு திருப்பலியில் நம் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள். மற்ற நிர்வாகங்களிடம் நாம் எதிர்பார்க்கும் நீதியை நம் நிறுவனங்களிலும் நாம் கேட்க வேண்டும். சங்கங்களும் நிரந்தரப் பணியில் உள்ளோருக்காக மட்டும் பேசாமல், இவர்களுக்காகவும் கௌரவ விரிவுரையாளர்களுக்காகவும் பேச வேண்டும்.

ஆகவே, சங்கம் என்றாலே முகம் சுளிப்பதும் தவறு. அது சொல்வதெல்லாம் சரி என்பதும் தவறு. வரவு செலவுக் கணக்கை உறுப்பினர் முன் வைக்கிறார்களா? கட்சிச் சார்பின்றி எல்லா ஆட்சியிடமும் ஒரே கோரிக்கையை வைக்கிறார்களா? போராட்டத்தில் விட்டுப்போன வகுப்புகளை ஈடுசெய்கிறார்களா? கடைசி இருக்கையில் உள்ள மாணவருக்கு அதனால் நன்மை உண்டா? இவற்றுக்கு 'ஆம்' என்று பதில் வருமானால், அச்சங்கத்தின் அரசியலும் நிதியும் நம் பிள்ளைகளின் படிப்பையும் காக்கும். அத்தகைய ஆசிரியர்களுக்குத் துணைநிற்போம்; அவர்களுக்காகச் செபிப்போம்.