ஆட்டம் காணும் முன்சக்கரங்கள்

அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஜீப் ஒன்று சீராகச் சென்று கொண்டிருக்கிறது. பாலத்தின் இணைப்பிலோ, சிறு பள்ளத்திலோ முன்சக்கரம் ஏறி இறங்குகிறது. அடுத்த நொடியே முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்குகின்றன. ஸ்டீயரிங் கைக்கு அடங்குவதில்லை. வண்டி முழுவதும் அதிர்கிறது. பள்ளத்தைக் கடந்து வெகுதூரம் சென்ற பின்னரும் அந்த உதறல் நிற்பதில்லை. வேகம் பெருமளவு குறைந்த பிறகே அடங்குகிறது. இதற்கு அங்குள்ள ஓட்டுநர்கள் இட்ட பெயர் 'டெத் வாபிள்'. தமிழில் மரண ஆட்டம் எனலாம்.

ஜீப் ரேங்ளர், அதன் உறவு வாகனமான கிளாடியேட்டர், ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-250, எஃப்-350 ரகக் கனரக பிக்கப் வண்டிகள் ஆகியவற்றின் உரிமையாளர்கள் இதுகுறித்து நீதிமன்றம் வரை சென்றுள்ளனர். இவ்வண்டிகளுக்குள் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. இவற்றின் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திடமான அச்சு இணைக்கிறது. சாதாரண கார்களில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் இயங்குவதால், ஒன்றின் அசைவு மற்றொன்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. திட அச்சிலோ, ஒரு சக்கரம் மேலெழும்போது மற்றதும் சாய்கிறது. அந்தச் சாய்வே சக்கரங்களைத் திசைதிருப்பவும் செய்கிறது.

விமான நிலையத்தில் சுமை வண்டியைத் தள்ளியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மெதுவாகத் தள்ளும்போது ஒழுங்காக உருளும் சிறு சக்கரம், வேகம் கூட்டியதும் படபடவென்று இருபுறமும் அடித்துக்கொள்ளும். அதை யாரும் வெளியிலிருந்து ஆட்டவில்லை. முன்னோக்கிச் செல்லும் வண்டியின் ஆற்றலில் ஒரு பகுதியைச் சக்கரமே உறிஞ்சித் தன் ஆட்டத்துக்குத் தீனியாக்கிக் கொள்கிறது. பொறியியலாளர்கள் இதைத் தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் அதிர்வு என்கின்றனர். பள்ளம் இங்கே தீக்குச்சி மட்டுமே. எரிபொருள் வண்டியின் வேகம்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1920-களில் கார்களில் காற்றழுத்தம் குறைந்த பருமனான டயர்களும், முன்சக்கர பிரேக்குகளும் பரவலானபோதே முன்சக்கர ஆட்டம் பெருந்தலைவலியானது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த நடனம் ஒன்றின் பெயரால் அதனை 'ஷிம்மி' என்றழைத்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள் 1934-ஆம் ஆண்டு கார்களில் முன்சக்கரங்களைத் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். பாறையும் சேறும் நிறைந்த பாதையில் செல்லும் வாகனங்களுக்குத் திட அச்சின் உறுதியும், மேடுபள்ளத்தில் சக்கரங்களைத் தரையில் பதிய வைக்கும் அதன் திறனும் தேவைப்பட்டன. ஆகவே அவை பழைய அமைப்பைத் தக்கவைத்துக் கொண்டன. அதன் ஆற்றலோடு ஆபத்தும் சேர்ந்தே வந்தது.

எனினும், திட அச்சு கொண்ட வண்டிகள் அனைத்தும் ஆடுவதில்லை. இணைப்புகள் இறுக்கமாக உள்ளவரை ஆட்டம் தொடங்கினாலும் வளராது. அச்சு பக்கவாட்டில் நகராதபடி அதனை வண்டிச் சட்டத்துடன் பிணைக்கும் டிராக் பார் என்னும் தண்டின் போல்ட் துளை தேய்ந்து அகன்றாலோ, டை ராடு முனைகளும் பால் ஜாயின்ட்டுகளும் தளர்ந்தாலோ, ரப்பர் புஷ்கள் நைந்தாலோ, டயர் சமநிலை தவறினாலோ ஆட்டத்துக்கு இடம் கிடைக்கிறது. கம்பீரத்துக்காக வண்டியை உயர்த்திப் பெரிய டயர்களைப் பொருத்துவோர் இந்த இடத்தைத் தாமே ஏற்படுத்திக் கொடுக்கின்றனர். உயரம் கூடும்போது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வுக் கோணம் மாறுகிறது. டயரின் எடையும் இணைப்புகளின் சுமையும் கூடுகின்றன.

இங்குதான் 'ஸ்டீயரிங் டாம்பர்' என்னும் சிறு உருளையின் கதை வருகிறது. கதவு அறைந்து மூடாமல் தடுக்கும் கருவியைப் போல, இது ஸ்டீயரிங்கின் வேகமான அசைவை மட்டுப்படுத்துகிறது. ஆட்டம் கண்ட வண்டிக்குப் புதிய டாம்பரைப் பொருத்தினால் பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். ஆனால் தேய்ந்த டிராக் பாரும், தளர்ந்த பால் ஜாயின்ட்டும் அப்படியே இருக்கக்கூடும். காய்ச்சல் மாத்திரை சூட்டைத் தணிக்கும், நோயைக் குணப்படுத்தாது.

2019-இல் ரேங்ளர் உரிமையாளர்களின் புகார்கள் பெருகியபோது, அன்றைய ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அளித்த தீர்வும் மாற்றியமைக்கப்பட்ட டாம்பர்தான். திட அச்சு கொண்ட எந்த வாகனத்திலும் இத்தகைய அதிர்வு நேரலாம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. பின்னர் வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி, டாம்பருக்கான உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 90,000 மைல் என நீட்டிக்கப்பட்டது. நிறுவனம் கூறியது இயற்பியல்படி சரியே. ஆனால், நேரக்கூடியது என்று தெரிந்த ஒன்றை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொன்னோமா என்ற கேள்விக்கு இயற்பியல் விடையளிக்காது. அது பொருளியல் கேள்வி.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல வண்டிக்கும் உரிய விலை கிடைக்காது, நல்ல வண்டிகள் சந்தையைவிட்டு விலகும், குறையுள்ளவை நிலைக்கும். இதுவே அதன் சாரம். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இத்தகைய தகவல் ஏற்றத்தாழ்வு குறித்த ஆய்வுக்கானது. மரண ஆட்டம் இதற்குக் கச்சிதமான உதாரணம். குறிப்பிட்ட வேகமும் குறிப்பிட்ட பள்ளமும் சேர்ந்தால்தான் அது வெளிப்படும். பணிமனையின் சோதனை ஓட்டத்தில் பெரும்பாலும் தலைகாட்டாது. புதிய டாம்பருடன் கைமாறும் பழைய வண்டியில், அடுத்த உரிமையாளர் அதனை நெடுஞ்சாலையில்தான் அறிவார். அந்த அறிவுக்கான விலையை எதிரே வருபவரும் கொடுக்க நேரலாம்.

எனவேதான் சந்தைக்கு வெளியே ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. கார் நிறுவனங்களின் அலட்சியத்தைச் சாடி ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய நூலில், ஷெவர்லே கோர்வேர் காரின் பின்சக்கர சஸ்பென்ஷன் முக்கிய இடம் பெற்றது. மறு ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் அளிக்கப்படும் புகார்களை எவரும் இணையத்தில் படிக்கலாம். தனக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று நினைத்தவர், நூற்றுக்கணக்கானோரில் தாமும் ஒருவர் என்பதை அறிந்தது இப்படித்தான்.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. ரேங்ளர் 2021 முதல் புணே அருகே ரஞ்சன்காவில் தொகுக்கப்படுகிறது. 2023-இல் இங்கு விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியின் முன், பின் அச்சுகளும் திடமானவை. மலைக்கிராமங்களில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகள் பலவும் அப்படியே. உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், உயர்த்தப்பட்ட வண்டிகள் சாலைகளில் குறையவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரமளிக்கிறது. வரவேற்கத்தக்க சட்டம்தான். ஆயினும் உரிமையாளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் புகாரளிப்பதே அதற்கான முக்கிய வழி. 2021-இல் வந்த விதிகள் ஏழாண்டுக்கு உட்பட்ட வாகனங்களையே கணக்கில் கொள்கின்றன. அரிதாக வெளிப்படுகிற, தேய்மானத்தால் வயதாக ஆகத் தீவிரமடைகிற குறை இந்த வலையில் எளிதில் சிக்காது. புகார் எண்ணிக்கையோடு அதன் அபாயத்தையும் எடைபோட வேண்டும். புகார்கள் அனைத்தும், பெயர் விவரங்கள் நீங்கலாக, பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். தகுதிச் சான்று வழங்கும் இடங்களில் டிராக் பார், பால் ஜாயின்ட் தளர்வைச் சோதிப்பது சடங்காகிவிடக் கூடாது.

ஓட்டுநர்கள் அறிய வேண்டியதும் உண்டு. ஆட்டம் தொடங்கினால் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பற்றுங்கள். ஆனால் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தைக் கடந்துவிடலாம் என எண்ணாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, படிப்படியாக வேகம் குறைத்து, சாலையோரம் நிறுத்துங்கள். பின்னர் பணிமனையில் டாம்பரை மட்டும் மாற்றச் சொல்லாமல், மூலக் குறை எதுவெனக் கேளுங்கள். ஒருமுறை ஆடிய வண்டி மற்ற இணைப்புகளையும் தளர்த்தியிருக்கும். அடுத்த முறை ஆட அதற்கு அவ்வளவு பெரிய பள்ளம் தேவைப்படாது.