ஒரு குழலும் ஒரு குண்டும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, இலக்கணத்தைப் பற்றியோ சங்க இலக்கியத்தைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். துவக்கைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் சிலர் நகைத்தனர். தமிழாசிரியருக்குத் துவக்கிலே என்ன வேலை என்று இப்பக்கத்தைப் புரட்டும் பழைய மாணவர் சிலரும் வினவக்கூடும். வேலை உண்டு. அது புறநானூற்றிலே தொடங்கி, நம் பதுளை நகரத்துத் தேவாலயம் ஒன்றைக் கடந்து, தோட்டத்து லயத்து வாசல்வரை வந்து நிற்கின்றது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி கொல்லிமலைக்கு உரியவன். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த சேலம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளுக்கு அண்மையில் உள்ளது அம்மலை. அவன் எய்த அம்பொன்று யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றில் இருந்த உடும்பிற் சென்று தைத்தது என வன்பரணர் பாடினார். ஐந்து உயிர்களை ஓர் அம்பு வீழ்த்துதல் இயலுமோ என்று மாணவர் ஆண்டுதோறும் கேட்பர். புலவர் வியந்தது ஐந்து என்னும் எண்ணை மட்டும் அன்று. ஒன்று என்னும் எண்ணையும் வியந்தார் என்று நாம் விடை கூறுவதுண்டு. ஓரி இரண்டாவது அம்பை எடுக்கவில்லை. வில்லாண்மையின் சிறப்பு அங்கேதான் இருக்கின்றது. அந்த வியப்பே வில் போய்த் துவக்கு வந்த காலத்திலும் மறையாது தொடர்ந்தது. ஒருமுறை நிரப்பினால் ஒருமுறை மட்டுமே சுடக்கூடிய ஒற்றைக் குண்டுத் துவக்கை இன்றும் உலகெங்கும் பலர் விரும்பிப் போற்றுவதற்கு அதுவே அடிப்படை.

இத்துவக்கின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். சிறு ரவைகளைச் சிதறவிடும் சாதாரணத் துவக்கின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். றைபிள் எனப்படும் துவக்கின் குழலுக்குள்ளோ சுருள் சுருளாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகளிற் பொருந்திச் செல்லும் குண்டு பம்பரம்போலச் சுழன்று வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் குண்டும் தடுமாறாது நேரே செல்லும். முற்காலத்தில் இவை யாவும் வாய்வழி நிரப்பப்பட்டன. மருந்தை அளந்து குழலிற் கொட்டி, துணி சுற்றிய குண்டை வைத்து, நெட்டைக் கோலால் இடித்து இறக்கி, பொறி எழுப்பும் சிறு மூடியைக் காம்பிலே பொருத்தி, குதிரையை இழுத்து, அதன் பின்னரே குறிபார்க்க வேண்டும். இத்தனையும் ஒரு வெடிக்காக! மழையிலே மருந்து நனைந்தால் அந்த ஒரு வெடியும் இல்லை.

குழலின் பின்புறத்தைத் திறந்து தோட்டாவை இடும் முறை 19 ஆம் நூற்றாண்டிலே செம்மையுற்றது. அமெரிக்கராகிய பீபொடி 1862 இல் உரிமை பெற்ற பொறியைச் சுவிற்சர்லாந்திலே மார்ட்டினி என்பவர் திருத்தி அமைத்தார். எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் ஹென்றி அதற்கு வரிவெட்டிய குழலைத் தந்தார். இருவர் பெயரையும் தாங்கிய மார்ட்டினி ஹென்றித் துவக்கைப் பிரித்தானியப் படை 1871 இல் ஏற்றுக்கொண்டது. அதன் அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் குழலை அடைத்திருக்கும் கட்டை தாழும். வெறுங்கூடு வெளியே தெறிக்கும். புதிய தோட்டாவை விரலால் வைத்து நெம்புகோலை உயர்த்தினால் குழல் அடைபடும். துவக்கும் சுடுவதற்கு ஆயத்தமாகிவிடும். அதன் குண்டு 480 கிரெயின், அதாவது ஏறக்குறைய 31 கிராம் எடையுள்ளது. மறு ஆண்டிலே, 1872 இல், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் பார்க்கர்சன் உரிமை பெற்ற பொறியோ வேட்டைக்காரர் நடுவே பெரும்புகழ் எய்தியது.

1888 இல் பல தோட்டாக்களைப் பெட்டியில் அடக்கிய லீ மெட்போட் துவக்கு பிரித்தானியப் படைக்கு வந்ததும், ஒற்றைக் குண்டுத் துவக்கின் காலம் முடிந்தது என்றே பலர் கருதினர். போர்க்களத்தைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆயினும் வேட்டைக்காரரும் குறிசுடுவோரும் அதைக் கைவிட்டாரில்லை. அமெரிக்காவிலே 1960 களின் பிற்பகுதியில் ரூகர் என்னும் நிறுவனம் புதிதாக ஒற்றைக் குண்டு வேட்டைத் துவக்கொன்றைச் செய்து வெற்றியும் கண்டது. இதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, அமைப்பின் சுருக்கம். தோட்டாவைப் பெட்டியிலிருந்து முன்தள்ளும் நீண்ட பொறி இங்கு வேண்டியதில்லை. ஆகவே குழலின் நீளம் குறையாமலே துவக்கின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய நான்கு அங்குலம் குறையும். புதர்க்காட்டிலே நடப்பவனுக்கு இது பெரும் நயம். இரண்டாவது, உறுதி. தோட்டாப் பெட்டிக்காகப் பொறியின் உடலிலே துளை வெட்ட வேண்டாமையால், அது வளையாது விறைப்பாக நின்று குண்டை ஒரே வழியிற் செலுத்தும். தோட்டாவும் விரலால் இடப்படுவதால் அதன் முனை நசுங்குவதில்லை. மூன்றாவதும் தலையாயதும் மனத்தைப் பற்றியது. இரண்டாவது குண்டு இல்லை என்று அறிந்தவன் முதற்குண்டை எளிதிலே செலவிடான். காற்றைப் பார்ப்பான், தூரத்தைக் கணிப்பான், இன்னும் பத்தடி நெருங்க இயலுமா என்று எண்ணுவான். இயலாவிடின் சுடாமலே திரும்புவான்.

இதற்கு வலிய மறுப்பு ஒன்றும் உண்டு. முதற்குண்டு பிழைத்து விலங்கு காயமுற்றால், விரைந்து இன்னொரு குண்டால் அதன் துன்பத்தை முடிப்பதன்றோ இரக்கம்? ஒற்றைத் துவக்குடையவன் மறுபடி நிரப்புமுன் அது காட்டுக்குள்ளே ஓடி அணுவணுவாய்ச் சாகுமன்றோ? இம்மறுப்பை எளிதாக ஒதுக்கலாகாது. ஐயமிருந்தால் சுடற்க என்பதே இத்துவக்கை விரும்புவோர் கூறும் விடை. அவ்விதியைக் காப்பவன் கையிலேதான் இது நல்ல கருவி. காவாதவன் கையிலே பிறவற்றினும் கொடியது. மேலும், சினந்து பாயும் யானைக்கு முன்னே ஒரு குண்டோடு நிற்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இதை நன்கு அறிந்தவர். பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் 1840 இல் அவருக்கென்று செய்த ஒற்றைக்குழல் றைபிளின் எடை 21 இறாத்தல். அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்சு. அத்தகைய பெருந்துவக்கை உடையவரும் இரட்டைக்குழல் துவக்குகள் பலவற்றை ஏவலாளர் கையிலே கொடுத்து உடனழைத்தே யானைக் காட்டுக்குட் சென்றார்.

இனி நம் ஊருக்கு வருவோம். பதுளை நகரத்திலே படித்த எவரும் புனித மாற்கு தேவாலயத்தை அறிவர். அது எவர் நினைவாக எழுந்தது என்பதைப் பலர் அறியார். பதுளையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது அது. அவர் 1845 யூன் 7 ஆம் நாள் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்தார். வீதிகளை அமைத்தவர், திறமையான நிருவாகி என்ற புகழோடு இன்னொரு புகழும் அவருக்கு உண்டு. அவர் கொன்ற யானைகளின் தொகை 1400 என்பது அக்காலத்தவர் எழுதிவைத்த கணக்கு. இலங்கை யானைகளுட் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். எனவே இவற்றுட் பெரும்பாலானவை வேட்டை இன்பத்துக்காகவே வீழ்ந்தன.

இக்கணக்கைப் படிக்கும்போதெல்லாம் நம் கட்டுரையின் முற்பகுதி நம்மையே வினவுகின்றது. ரோஜர்ஸ் வாழ்ந்த காலத்திலே துவக்குகள் வாய்வழியே நிரப்பப்பட்டன. ஒரு குழலுக்கு ஒரு வெடிதான். அளந்து, இடித்து, மூடி பொருத்தி ஒவ்வொரு குண்டாகவே சுடவேண்டியிருந்தது. பொறுமையைக் கற்பிக்கும் கருவி என்று நாம் புகழ்ந்த முறை அதுவேயன்றோ? அது 1400 யானைகளைக் காக்கவில்லையே! ஒரு குழல் வெறுமையானால் ஏவலாளன் அடுத்த துவக்கை நீட்டினான். அரசாங்கமும் யானைக் கொலைக்குப் பரிசு வழங்கியது. 1848 இற்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில், வடக்கு மாகாணத்தின் ஒரு பகுதியிலே மட்டும் 3500 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதாக எமர்சன் ரெனென்ற் எழுதியுள்ளார். பின்னர்க் கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு அழிந்தது. இன்று அப்புத்தளை, பண்டாரவளைச் சரிவுகளிலே யானைக் கூட்டம் இல்லை. ஊவா மாகாணத்திலே யானையைக் காணவேண்டுமாயின் வெள்ளவாய, மொனராகலைப் பக்கம் இறங்கவேண்டும். ஆகவே கருவி தானே எவருக்கும் அடக்கத்தைத் தருவதில்லை என்பதற்கு நம் ஊரே சான்று.

பின் அடக்கம் எங்கிருந்து வரும்? நம் சிறுவயதுக் காட்சியொன்றைக் கூறுவோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே மரக்கறி நிலத்தைப் பன்றியினின்று காக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். சிறுவர் எல்லோருக்கும் அவர் காவக்காரத் தாத்தா. உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கொன்று அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஓர் இரவுக்கு ஒரு தோட்டா. விடிந்ததும் தோட்டாவையோ வெறுங்கூட்டையோ ஒப்படைத்தல் வேண்டும். பெரும்பாலும் அவர் தோட்டாவையே ஒப்படைப்பார். இன்னொன்று கேட்டு வாங்கினால் என்ன என்று ஒருநாள் நாம் கேட்டோம். "ரெண்டு இருந்தா மொதத் தோட்டாவை வீணாக்கத் தோணும், தம்பி. ஒண்ணே ஒண்ணுன்னா கை பொறுக்கும். இருட்டிலே அசையுறது பன்றியா, வெறகுக்குப் போன நம்ம ஆளான்னு பாக்கணும்ல?" என்றார். எழுத்தறியாத அவர் கூறிய விடையைவிடச் சிறந்த விளக்கத்தை இத்துவக்குக்கு நாம் எந்நூலிலும் கண்டதில்லை.

அவர் கூறியதன் முழுப்பொருளும் பின்னரே நமக்கு விளங்கியது. நம் லயத்திலே பெரியப்பா முறையான ஒருவர் விறகுக்குச் சென்றார். காட்டோரத்திலே எவரோ கட்டுத்துவக்கு வைத்திருந்தனர். பன்றி வரும் தடத்திலே குழலை மரத்தோடு கட்டி, விசையிலிருந்து குறுக்கே கம்பியை இழுத்து விடுவதே கட்டுத்துவக்கு. கம்பியிலே பன்றி இடறினாலும் வெடிக்கும். மனிதன் இடறினாலும் வெடிக்கும். பெரியப்பாவை நால்வர் கம்பளியிலே தூக்கி வந்த மாலையை நாம் மறக்கவில்லை. அவர் உயிர் தப்பினார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. அதன்பின் அவர் மலையேறவில்லை. பெரியம்மாவின் கொழுந்துக் கூடையே அக்குடும்பத்தைத் தாங்கியது.

கட்டுத்துவக்கும் ஒற்றைக் குண்டுத் துவக்கே. ஒரு குழல், ஒரு குண்டு, ஒரு வெடி. ஆயினும் அதன் பின்னே கண் இல்லை. பொறுக்கும் கை இல்லை. இது பன்றியா ஆளா என வினவும் மனம் இல்லை. சட்டம் அதைத் தடுத்தும் இந்நாட்டுக் காடுகளில் அது இன்னும் ஒழியவில்லை. பன்றிக்கென வைக்கும் சுருக்குக் கம்பியும் அதன் உடன்பிறப்பே. 2020 மே மாதத்திலே மஸ்கெலியாப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கிலே சிக்கிப் பின் இறந்ததை நாடு அறியும். பார்த்துச் சுடாதவன் எதைக் கொன்றோம் என்று அறியான்.

வேட்டையின் காலம் நம் நாட்டிலே பெரும்பாலும் முடிந்துவிட்டது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானை, சிறுத்தை, மான், மரை முதலியவற்றைக் காக்கின்றன. அதனால் நாம் வருந்தவில்லை. ஒற்றைக் குண்டின் அருமை இன்று தூய்மையாக விளங்கும் இடம் குறிசுடும் அரங்கமே. ஒலிம்பிக் விளையாட்டில் 10 மீற்றர், 50 மீற்றர் றைபிள் போட்டிகளிலே ஒவ்வொரு குண்டையும் கையால் இட்டே சுடவேண்டும் என்பது விதி. 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியிலே பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீற்றர். 2008 இல் பெய்ஜிங் நகரிலே இந்தியராகிய அபினவ் பிந்திரா இறுதிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரர் ஒருவரோடு சமநிலையில் நின்றார். கையிலே எஞ்சியது ஒரே குண்டு. அதனாலே 10.8 புள்ளி பெற்றுத் தங்கப் பதக்கத்தை வென்றார். 2019 இல் ரியோ நகரிலே நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலே தங்கம் வென்றவளோ கடலூரிலே பிறந்த தமிழ்மகள் இளவேனில் வாலறிவன். தந்தை பெயர் திருக்குறளின் முதல் அதிகாரத்துச் சொல் என்பதை எம் மாணவருக்குச் சொல்லி மகிழ்வதுண்டு.

பாரதக் கதையிலே நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் ஏவேன் என்று கன்னன் குந்திக்கு வாக்களித்தான். முதற்கணை முடியைத் தட்டிச் சென்றது. மீண்டும் எய்க என்று கணையே வேண்டியும் அவன் மறுத்தான். உயிர் போம் என்றறிந்தும் தன் ஒன்றைத் தானே வரையறுத்துக்கொண்ட அவனை நம் தோட்டத்து மக்கள் இன்றும் இரவிரவாகக் கூத்தாடிப் போற்றுகின்றனர். ஓரியின் அம்பும், கன்னனின் கணையும், காவக்காரத் தாத்தாவின் தோட்டாவும் கூறுவது ஒன்றே: வரம்பு கருவியில் இல்லை, அதை ஏந்துபவன் தானே ஏற்கவேண்டும்.

விழாக் காணும் இக்கல்லூரியின் மாணவச் செல்வங்கள் துவக்கை ஏந்தவேண்டும் என்று நாம் விரும்பவில்லை. சொல்லையும் செயலையும் விடுமுன், காவக்காரத் தாத்தாவைப்போல ஒருகணம் கை பொறுத்து, எதிரே அசைவது யாது என்று பார்க்கப் பழகுக என்றே வேண்டுகின்றோம். கல்லூரி நீடு வாழ்க.