பாட்டரி மாற்றிய பின்

கறம்பக்குடியிலிருந்து இரவு நேரத்தில் புதுக்கோட்டைக்கோ பட்டுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ நோயாளியை அழைத்துப் போக வேண்டிய அவசரம் நேர்ந்தால்தான், வாசலில் நிற்கும் மோட்டார் வண்டியின் அருமை விளங்கும். அந்தச் சமயம் பார்த்து, சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று பல்லி சொல்வதுபோல் ஒரு சப்தம் எழுந்து, வண்டி மௌன விரதம் பூண்டுவிட்டால் வீட்டாரின் நிலையைச் சொல்ல வேண்டுமா? இந்தப் பல்லிக்குப் பலன் பார்க்கப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. "செல்ப் எடுக்கவில்லை, பாட்டரி போய்விட்டது" என்று தெருவில் போகிற சிறுவனும் சொல்லிவிடுவான். மறுநாள் நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்துப் புது பாட்டரி வாங்கிப் போடுகிறோம். பத்தே நாளில் அதே பல்லி மறுபடியும் சொல்கிறது. போதாக்குறைக்கு, கடிகாரம் தப்பு மணி காட்டுகிறது. ரேடியோ ரகசிய எண் கேட்கிறது. கண்ணாடி ஜன்னல் பாதியில் நின்று கொள்கிறது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுகிறோம்.

எலுமிச்சம்பழத்திலும் அமிலம் உண்டுதான். ஆனால் வண்டிக்கு வேண்டிய அமிலம் வேறு. காரீயத் தகடுகள், காரீய ஆக்ஸைடு பூசிய தகடுகள், இடையே தண்ணீர் கலந்த கந்தகத் திராவகம் - பாட்டரி என்பது இவ்வளவுதான். 1859-ம் வருஷம் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த இந்தத் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. ஆறு அறைகள், அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகம், முழுதும் நிரம்பிய பாட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்கும். இந்த மின் ரஸாயன சாஸ்திரத்துக்கென்றே நமக்கு அண்டையிலுள்ள காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ந் தேதி பண்டித நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாட்டரி சம்பந்தமான ஆராய்ச்சி அங்கே நடந்து வருகிறது. நாமோ எலுமிச்சம்பழத்தோடு நின்றுவிடுகிறோம்.

முன்காலத்து அம்பாஸிடர் வண்டியில் பாட்டரி சோர்ந்துபோனால், முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பிவிடுவார்கள். இப்போதைய வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வண்டிக்குள் ஒரு சிறு கணித யந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அது நாம் வண்டியைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போன பிறகும் தூங்குவதில்லை. சொட்டுச் சொட்டாய் மின்சாரத்தைக் குடித்துக் கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்குதான் குடிக்கிறது என்றாலும், ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர்-மணியளவு போய்விடும். சிறு வண்டியின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி கொண்டது. நாற்பது நாள் அசையாமல் நின்றால் அடிமட்டத்துக்கு வந்துவிடும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகள் வாங்கி நிறுத்திய வண்டிகள், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும் வெளியே வருகின்றன. தீர்ந்த நிலையிலேயே கிடக்கும் பாட்டரியில் காரீயத் தகட்டின் மேல் உப்பு இறுகிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நில்லாது. நம் கோடை வெயிலும் தன் பங்குக்குத் திராவகத்திலுள்ள தண்ணீரை வற்றச் செய்து, தகட்டை அரிக்கிறது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் வண்டியை ஓட்டுவதே இதற்கு மலிவான வைத்தியம்.

பாட்டரியை நொந்து கொள்வதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். யந்திரம் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். 12-லேயே நின்றால் குற்றவாளி பாட்டரியல்ல. அதற்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரோ, அதைச் சுழற்றும் பெல்ட்டோதான். எங்கள் பக்கத்து வியாபாரி ஒருவர் ஒரே வருஷத்தில் இரண்டு பாட்டரி மாற்றினார். மூன்றாவதுக்கு முன் வந்த இளைஞன், "அண்ணே, பெல்ட்டு தொளதொளன்னு கிடக்கு, பாட்டரி என்ன பண்ணும்?" என்றான். நாடி பிடித்துப் பாராமல் மருந்து எழுதும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. மீட்டர் இல்லாமல் பாட்டரியை மாற்றச் சொல்பவரை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

மாற்றத்தான் வேண்டுமென்றால் கை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருமாகையால் பீடி, சிகரெட்டு அருகில் வரக்கூடாது. முதலில் கழற்ற வேண்டியது மைனஸ். மாட்டும்போது அதுதான் கடைசி. ஏனெனில், வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸ்ஸைத் திருகும் ஸ்பானர் உடம்பில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டாலோ, கண் மூடித் திறப்பதற்குள் பியூஸும் ஆல்டர்னேட்டரின் உள்ளுறுப்பும் கருகும். டெர்மினலைக் கையால் அசைத்தால் அசையக்கூடாது. புது பாட்டரி போட்டும் செல்ப் எடுக்காத வண்டிகள் பலவற்றில் இதற்கு மேல் வியாதி ஏதும் இருப்பதில்லை.

அதன் பின் வரும் தொல்லைகள் பெரும்பாலும் மறதி நோய்தான். மின்சாரம் அறுந்ததால் கணித யந்திரம் கற்றதில் சிலவற்றை மறந்துவிடுகிறது. ரேடியோவின் எண் வண்டியோடு வந்த புத்தகத்திலோ அட்டையிலோ இருக்கும். முன்னமே குறித்து வைத்தால் நல்லது. ஜன்னல் கண்ணாடியை முழுதும் ஏற்றி, பொத்தானைச் சில விநாடி விடாமல் பிடித்தால் பல வண்டிகளில் அதற்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். யந்திரம் நின்ற நிலையில் குலுங்கினால், ஏ.ஸி. போடாமல் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு ஊரைச் சுற்றி வந்தால் பெரும்பாலும் தானே தெளியும். இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கூலி கேட்பவரிடம் ஜாக்கிரதையாயிருப்பது நலம். ஆனால் சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் வண்டிகள் விஷயம் வேறு. அவற்றுக்கென்று தனி ஜாதி பாட்டரி உண்டு. சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் மாண்டு போகும். சில வண்டிகளில் புது பாட்டரி வந்திருப்பதை அந்தக் கணித யந்திரத்துக்கு முறையாய்த் தெரிவிக்கவும் வேண்டும்.

கழற்றிய பழைய பாட்டரியைக் கொல்லையில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திராவகம் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும். காரீயத்துக்காக அதை உடைத்துத் தோட்டத்தில் உருக்கினாலோ, அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுபடி உபயோகத்துக்குக் கொண்டு வரும் பொறுப்பை, 2022-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் உற்பத்தியாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால், அதற்குரிய தொகையை விலையில் கழித்துக் கொள்வது வழக்கம். கவிழ்க்காமல், நிமிர்த்தியபடியே கொண்டு போகவேண்டும்.